இன்ஹேலரை மறைத்த மாணவன்

சென்ற ரமளானில் ஓதிக்கொண்டிருந்த பத்து வயது மாணவன் ஒருவனுக்கு மூச்சு திணறியது. பையில் இன்ஹேலர் இருந்தும் அவன் எடுக்கவில்லை. நோன்பு முறிந்துவிடும் என்ற அச்சம். தோழர்கள் நகைப்பர் என்ற கூச்சம். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை என்பதையும், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையையும் முன்பே எடுத்துரைக்காதது என் தவறு. பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், நலமடைந்தான்.

ஆஸ்துமாவைக் கண்காணிக்கக் கருவிகள் இல்லாமலில்லை. ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ எனும் குழாயில் மூன்று முறை பலமாக ஊதி, மூன்றில் உயர்ந்த அளவைக் குறிக்க வேண்டும். பிள்ளையின் வழக்கமான சிறந்த அளவில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் பச்சை, 50க்குக் கீழே சிவப்பு, இடைப்பட்டது மஞ்சள். எழுத்தறியாச் சிறுவனும் நிறமறிவான்.

இதற்கெனக் கைபேசிச் செயலிகளும் வந்துள்ளன. ஆனால் நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஏது கைபேசி? இருந்தாலும் மத்ரஸாவுக்குள் நாம் விடுவதில்லையே! பிள்ளையின் கைக்கு எட்டுவதே கருவி. 1999இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மருத்துவர்கள், 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரைப் பொருத்தி, இடுக்கைப் பசையால் அடைத்துச் சோதித்தனர். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு நிகராக அது பிள்ளைகளின் மூச்சுக்குழலை விரியச் செய்தது.

உஸ்தாதுமார்களே, எந்நிறத்தில் என்ன செய்வதென்று மருத்துவர் எழுதித்தரும் தாளின் படியைப் பெற்றோரிடம் கேட்டு வாங்குங்கள். எங்கள் மத்ரஸாவில் இப்போது அது வருகைப் பதிவேட்டுக்குள் இருக்கிறது.