பதினைந்து வயதானால் காயலான் கடையா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா. கணவர் காலமாகிவிட்டார். இரண்டு குழந்தைகளையும் பள்ளிக்கு அழைத்துப் போக, அவர் வாங்கி வைத்த கார்தான் துணை. போன மாதம் ஒரு புரோக்கர் வந்து, "பதினஞ்சு வருஷம் ஆகப் போவுதும்மா. அப்புறம் ரோட்டுல எடுத்தா கவர்மெண்ட்ல புடிச்சு உடைச்சிடுவாங்க. வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்று பயமுறுத்திவிட்டுப் போனாராம்.

"அவசரப்படாதீங்க அக்கா" என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன், சகோதரிகளே!

தில்லி வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் கார்களும் 15 வயது தாண்டிய பெட்ரோல் கார்களும் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-ல் அதையும் ஓரளவு தளர்த்தியது. ஆனால் அது அந்த வட்டாரத்துக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில், வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தக் காரை உடைக்க வேண்டியதில்லை.

முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடிய 60 நாள் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. ஆபீசில் விண்ணப்பிக்கலாம். பிரேக், விளக்கு, புகை எல்லாம் சரியாக இருந்தால் மேலும் 5 ஆண்டு கிடைக்கும். பிறகும் இப்படியே புதுப்பிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய். 20 வயது தாண்டிய காருக்கு, 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. கார் கணவர் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, 3 மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

பிரேக் பிடிக்காமல், கரும்புகை கக்குகிற வண்டியா? அதில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம், கொடுத்துவிடுவதே நல்லது. ஆனால் காயலான் கடையில் போடாதீர்கள். அங்கே பழைய ஆயிலும் பாட்டரி ஈயமும் மண்ணில் கலக்கும். ஆர்.சி.யும் உங்கள் பெயரிலேயே நிற்கும். நம்பர் பிளேட்டை எவனாவது தவறாகப் பயன்படுத்தினால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

2021-ல் வந்த விதிகளின்படி, வண்டி உடைக்க அரசு அங்கீகாரம் பெற்ற மையங்கள் இருக்கின்றன. வண்டியை அங்கே ஒப்படைத்துச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். பதிவை ரத்து செய்ய அது உதவும்; புதுக் கார் வாங்கும்போது பதிவுக் கட்டணமும் மிச்சம்.

முதலில் பீரோவைத் திறந்து ஆர்.சி.யில் உள்ள தேதியைப் பாருங்கள். புரோக்கரிடம் பேசுவதெல்லாம் அப்புறம்!