‘ஆரஞ்சு’ எச்சரிக்கை பெரட்டுக் களத்துக்கு என்ன சொல்கிறது?

கடந்த 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே உருவான சென்யார் புயல், சுமத்ராவில் பேரழிவை ஏற்படுத்திவிட்டு சிலாங்கூர், பேராக் கரைப் பக்கம் வந்தது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் ஜொகூரைத் தாக்கிய வாமெய் புயலுக்குப் பின், ‘இங்கெல்லாம் வராது’ என்ற பேச்சு எடுபடாது.

ஆனால் கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்ட மக்களுக்குப் புயலைவிடப் பழகிய எதிரி மழைதான். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி, தலைநகர்ப் பகுதியில் ஒரு மாதத்துக்கான மழை ஒரே நாளில் கொட்டியது. வெள்ளம் பாதித்த மாவட்டங்களில் கோலசிலாங்கூரும் ஒன்று. “வானிலைத் துறை முன்பே சொல்லவில்லையா?” என்று அப்போது பலரும் கேட்டனர். கனமழை எச்சரிக்கை வந்தது. தண்ணீர் தன் வீட்டு வாசலுக்கு எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கோளாறு இங்கேதான். மழையைச் சொல்வது மலேசிய வானிலை ஆய்வுத் துறை. ஆற்று மட்டத்தைச் சொல்வது வடிகால், நீர்ப்பாசனத் துறை. மக்களை வெளியேற்றுவது மாவட்ட நிர்வாகம். சிலாங்கூர் ஆறோ பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோலகுபுபாரு வழியாக பெஸ்தாரி ஜெயாவுக்கு இறங்கி, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது. மேலே மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். அதே நேரம் கடலில் பெரிய ஏற்றம் என்றால் தண்ணீர் வடியவும் வழியில்லை. இதையெல்லாம் அறியாத அதிகாரி ‘சிலாங்கூரில் கனமழை’ என்று எழுதி முடித்துவிடுவார்.

வானிலை எப்படி இருக்கும் என்பதோடு நிற்காமல், அது என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள் என்று உலக வானிலை அமைப்பு 2015 முதலே வழிகாட்டி வருகிறது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வானிலை அதிகாரியும் ஆற்று நிபுணரும் ஒரே மேசையில் அமர்ந்து, பழைய வெள்ளங்களை மணிக்கணக்கு வாரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். கணினி வாங்கினால் மட்டும் போதாது.

இடி மழை இன்னொரு தலைவலி. நம் வட்டார இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான்; ஒரு மணி நேரத்தில் பெய்து ஓய்ந்துவிடும். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அறிகுறி தெரிந்தால் விடுக்கப்படும் எச்சரிக்கை, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கே செல்லும். அதில் மாவட்டப் பெயர்தான் இருக்கும். கோலசிலாங்கூர் மாவட்டம் ஜெராம் கடற்கரையிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை நீள்கிறது! நீண்ட அலுமினியக் கழியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுபவருக்கு மின்னல் உயிர்ப் பிரச்சினை. விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து காற்றோடு வரும் மழை, பெரட்டு எடுக்கும் நேரத்தில்தான் கரையேறும். ரேடார் படத்தைப் பார்த்து அதைக் கணிப்பது அனுபவத்தில் வரும் கண். மூத்த அதிகாரி ஓய்வு பெறும்முன் அந்தக் கண்ணை இளையவருக்குத் தந்துவிட வேண்டும்.

எச்சரிக்கையின் மொழியையும் பேச வேண்டும். வஸ்பாடா, பூரோக், பஹாயா என்ற மூன்று நிலைகள். லயத்து மூதாட்டிக்கு மலாய் தெரியும். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து அவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாது. “ஆற்றோர லயத்தில் இருப்பவர்கள் இன்றிரவே பத்திரங்களையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள்” என்று தமிழில் ஒரு வரி போதும். அந்த வரியை எழுதுவதும் பயிற்சியில் சேர வேண்டியதே. தோட்ட மண்டோர்களுக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் அரைநாள் பட்டறை நடத்தினால் செலவு பெரிதாகாது.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதற்குள் உங்கள் தோட்டத்து மண்டோர், ஆலயத் தலைவர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோரின் கைப்பேசி எண்கள் மாவட்ட அலுவலகத்தின் பேரிடர்ப் பட்டியலில் இருக்கின்றனவா என்று நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.