தோலகட்டி எண்டால் நெல்லி ரசம் மட்டுந்தானோ?

யாழ்ப்பாணத்தில ஆரிட்டையும் 'தோலகட்டி' எண்டு சொல்லிப் பாருங்கோ. முதல்ல போத்தில்தான் ஞாபகம் வரும். நெல்லி ரசம், திராட்சை ரசம். அந்தப் போத்திலுக்குப் பின்னால ஒரு துறவு மடம் இருக்கிறது எங்கட கத்தோலிக்கப் பெடியளிலயே கனபேருக்குத் தெரியாது.

1926இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், மறைபரப்பு நாடுகளிலும் தியான வாழ்வுச் சபைகள் வேரூன்ற வேண்டும் என்று எழுதினார். இரண்டே வருடத்தில், 1928இல், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த எங்கள் ஊர்க் குருவானவர் தோமஸ் அடிகள், தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சபை இல்லை இது. வலிகாமத்துச் செம்மண்ணில் முளைத்தது. மௌனம், செபமாலை, தோட்ட வேலை இவைதான் அதன் நாளாந்தம். திராட்சைக்குத் தண்ணி கட்டுறதையும் செபத்தையும் அவர்கள் இரண்டாகப் பிரிக்கவில்லை. புனித ஆசீர்வாதப்பர், அதாவது பெனடிக்ற், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கில் ஓரிடம் வரும்: மடத்துப் பண்டகசாலைக்காரர் அங்குள்ள சட்டி, மண்வெட்டி எல்லாவற்றையும் பீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஒழுங்கிலேயே ஆகப் பிடித்த இடம் அது.

சரி, கொக்குவிலில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, காலமை பஸ் பிடித்து வேலைக்குப் போற ஒருத்தருக்கு இதில் என்ன இருக்கு?

'அது சாமிமாருக்கு' எண்டு சொல்லி விட்டுவிடுறது ஒரு வகை. மற்ற வகைதான் எனக்குக் கூடக் கவலை: நவநாள், உபவாச செபம், மூன்று நாள் தியானம், சவுண்ட் பொக்ஸ் வைத்து எழுப்புதல் கூட்டம் எண்டு அடுக்கிக்கொண்டே போறது. துறவிகள் செய்தது அதற்கு நேர்மாறானது. அவர்கள் நேரத்தை நிரப்பவில்லை, நேரத்துக்கு ஒழுங்கு வைத்தார்கள். மணி கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்ப வேண்டும் என்கிறது ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு. எங்கட அம்மம்மா காலத்து ஆக்கள் திருந்தாதி மணிக்குச் செய்ததும் அதுதான். உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் ஒரு நிமிடம் நிற்பார்கள். இப்ப நான் இருக்கிற ஒழுங்கையில் தேவாலய மணி கேட்காது, சைவக் கோயில் மணிதான் கேட்கும். மத்தியானப் பூசை மணிக்கு நான் மூவேளைச் செபம் சொல்லுறன். ஒரு சிநேகிதன் இதைக் கேட்டுச் சிரிச்சான். சிரிக்கட்டும். மணி மணிதானே, போனில் வாற நோட்டிபிகேசனை விட எவ்வளவோ மேல்.

மௌனத்தைப் பற்றிக் கதைக்கேக்க மட்டும் கொஞ்சம் கவனம் வேணும். எங்கட வீடுகளில் பெண்களுக்கு ஏற்கெனவே போதிய அளவு மௌனம் கொடுத்தாச்சு. விடிய நாலு மணிக்கு எழும்பி எல்லாருக்கும் சமைத்துக் கட்டிக் கொடுக்கிற ஒருவவிடம் போய் 'துறவிகளைப் போல அமைதியா இரு' எண்டு சொல்லுறது ஆன்மீகம் இல்லை. அங்கே துறவு வாழ்வைக் கற்க வேண்டியவர் கட்டிலில் இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்கிறவர். மடங்களில் சமையல் முறை எல்லாத் துறவிகளுக்கும் மாறி மாறி வரும். வீட்டுக்குள் கொண்டுவாறதெண்டால் முதல்ல அதைக் கொண்டுவாங்கோ.

எனக்கு உண்மையில் கஷ்டமாக இருக்கிறது இன்னொரு விசயம். ஆசீர்வாதப்பரின் வழி வருபவர்கள் கொடுக்கிற வாக்குறுதிகளில் ஒன்று நிலைத்திருத்தல்: இந்த இடம், இந்த மனிதர்கள், சாகும்வரை. இதை யாழ்ப்பாணத்தில் வாசிப்பது லேசில்லை. என்னோடு படித்தவர்களில் அரைவாசிப் பேர் வெளியில. மிச்சப் பேர் விசாவுக்குக் காத்திருக்கினம். போறவையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரேல்லை, வேலையும் கடனும் என்னெண்டு எனக்குத் தெரியும். அதோடு, நிலைத்திருக்க விரும்பியவர்களையே இந்த மண் இருக்க விடவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது துறவிகளும் தோலகட்டியை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு கொக்குவிலும் சேர்ந்துதான் தென்மராட்சிப் பக்கம் நடந்தது.

ஆனாலும் அந்த வாக்குறுதியை நான் வேறு விதமாகப் பிடித்துக்கொள்கிறேன். இருக்கிறவர்களில் பாதிப் பேர் உடம்பால் மட்டும்தான் இங்கே இருக்கிறோம். மனம் எப்பவோ ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டது. அதனால் பக்கத்து வீட்டுக் கிழவியின் பெயர் தெரியாது, பங்கில் ஆர் பசியோடு இருக்கினம் எண்டு தெரியாது. நாளைக்கு விசா வந்தாலும் வரட்டும். இண்டைக்கு இந்த ஒழுங்கையில் முழுசா இருக்கலாமே? கனடாவில் இருக்கிறவருக்கும் இதே கேள்விதான், அவருடைய மனம் இங்கே சுத்திக்கொண்டிருக்கும்.

குருக்களிடம் ஒன்று கேட்கலாம். திருப்புகழ்மாலையைப் பொதுநிலையினரும் செபிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே பரிந்துரைத்துவிட்டது. எங்கட பங்குகளில் எத்தனை இளைஞர்கள் அந்தப் புத்தகத்தைக் கையால் தொட்டிருக்கினம்? ஞாயிறு பின்னேரம் இருபது நிமிடம், இரண்டு பக்கமாக இருந்து திருப்பாடல் சொல்லுவம். ஆறு பேர் வந்தாலும் காணும். சவுண்ட் பொக்ஸ் வேண்டாம்.