பீரோவுக்குள்ள ஒரு புதையல்!

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தொங்கிட்டு வர்ற மக்காஸ், உங்க சீனியர்ஸோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டெல்லாம் இப்ப எங்கே இருக்கு?

எங்க காலேஜ்ல பீரோவுக்குள்ள, சிடியில! சிப்காட்ல வெயில்ல அலைஞ்சு எடுத்த அளவுகள். போன வாரம் ஒண்ணைப் போட்டா, சிஸ்டம் 'ஙே'னு முழிக்குது. இனியும் விட்டா மிச்சமும் காலி.

இதையெல்லாம் சர்வர்ல ஏத்த லைப்ரரியன் மேடம் சாஃப்ட்வேர் தேட, நானும் தலையைக் கொடுத்தேன். ஃபைனல்ஸுக்கு வந்தது ரெண்டு. நியூசிலாந்தோட வைகாட்டோ பல்கலைக்கழகத்துல பிறந்த கிரீன்ஸ்டோன். நெட் இல்லாத ஊருக்கு சிடியில போட்டே கொடுக்கலாம் (மறுபடியும் சிடியா, ஆளை விடுங்க!). இன்னொண்ணு, எம்.ஐ.டி.யும் ஹெச்.பி.யும் 2002-ல வெளியிட்ட டிஸ்பேஸ். நம்ம நாட்டு பிஹெச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற 'சோத்கங்கா' இதுலதான் ஓடுது.

ரெண்டுமே ஓசி. ஆனா டிஸ்பேஸுக்கு ஜாவா, டேட்டாபேஸ்னு பார்த்துக்க ஆள் வேணும். "நீ பாஸாகிப் போயிட்டா?"ன்னாங்க மேடம். நியாயம்தானே?

எனக்கு வேற பயம். நாளைக்கு சாஃப்ட்வேரை மாத்தினா, போட்டதெல்லாம் வெளியே வருமா? டம்மியா பத்து ரிப்போர்ட் ஏத்தி, வெளியே எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொண்ணும் தனி ஃபோல்டர்ல பி.டி.எஃப்.பும், தலைப்பு, பேர், வருஷம் எழுதின எக்ஸ்.எம்.எல். ஃபைலுமா வந்து விழுந்துச்சு. போதாக்குறைக்கு, ஸ்டூடண்ட்டே ஏத்தி, கைடு ஓகே பண்ற வசதியும் இருக்கு. டிஸ்பேஸ்தான்னு முடிவாச்சு. செகண்ட் இயர் பசங்க ரெண்டு பேரு கூடவே பழகுறாங்க.

திங்கட்கிழமை பீரோ சாவி கைக்கு வருது. சிடி டிரைவ் இருக்கிற பழைய பிசி யார்கிட்டயாவது இருக்கா மக்கா?