சூரியன் லேட்டாம்!

பிப்ரவரி நடுவுல அப்பா, அம்மா ஜெய்ப்பூர் வந்திருந்தாங்க. ஊர்ல இருந்து யார் வந்தாலும் ஜந்தர் மந்தருக்குக் கூட்டிட்டுப் போறது இங்க நம்ம வீடுகள்ல எழுதப்படாத சட்டம். 27 மீட்டர் உயர சாம்ராட் யந்திரம், 18ஆம் நூற்றாண்டுல சவாய் ஜெய்சிங் கட்டினது. ஒரு நிமிஷத்துக்கு நாலு விரல் அகலம் நிழல் நகருது, கண்ணாலயே பார்க்கலாம்.

நிழல் 11 மணிக் கோட்டுல. அப்பா வாட்ச்ல 11:41. "என்னடா, இவ்ளோ பெரிசா கட்டிட்டு இவ்ளோ ஸ்லோவா ஓடுதே!"ன்னார். கைடு உடனே, "கரெக்‌ஷன் போடணும் சாப்"ன்னார்.

இந்த 'கரெக்‌ஷன்' மேலதான் எனக்குக் கோபம்.

நிழற்கடிகாரப் பிரியர்களுக்குன்னு தனி பாஷை இருக்கு. நிழல் விழவைக்கிற குச்சி 'நோமன்'. கிரேக்கத்துல 'அறிந்தவன்'னு அர்த்தமாம், நம்ம பழைய ஜோதிட நூல்கள்ல அதுவே 'சங்கு'. மணிக்கோடு தவிர ராசி, தேதின்னு தட்டுல கூடுதலா வரையற கோடெல்லாம் 'ஃபர்னிச்சர்'! வீட்டுக்குள்ள மேஜை நாற்காலி போட்ட மாதிரி. இதெல்லாம் ரசிக்கிற வார்த்தைகள்தான். ஆனா 'சன் ஸ்லோ', 'சன் ஃபாஸ்ட்'ன்னும் சொல்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. சூரியன் எப்படிங்க ஸ்லோ ஆகும்?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நிழற்கடிகாரங்கள்ல இதே கணக்கை 'வாட்ச் ஸ்லோ', 'வாட்ச் ஃபாஸ்ட்'ன்னு செதுக்கி வெச்சிருக்காங்க. அப்போ நிழலைப் பார்த்துத்தான் வாட்சைத் திருத்தினாங்க, அதனால தப்பு வாட்ச் மேல. கணக்கு மாறலை. குற்றவாளி மட்டும் மாறிட்டார்.

அந்த 41 நிமிஷத்தைப் பிரிச்சுப் பாருங்க. நம்ம இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையோட நேரம், 1906ல இருந்து. ஜெய்ப்பூர் அதுக்கு மேற்கே சுமார் 6.7 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிஷம்னா 27 நிமிஷம். சென்னைக்கு 9 நிமிஷம்தான். மீதி 14 நிமிஷம் பூமியோட சாய்வாலயும், சுற்றுப்பாதை சரியான வட்டமா இல்லாததாலயும் வருது. நவம்பர் தொடக்கத்துல இதுவே 16 நிமிஷம் எதிர்ப்பக்கம் போயிடும். நம்ம கைக்கடிகாரம் காட்டறது வருஷம் பூரா சராசரி பண்ணி, எங்கேயோ இருக்கற ஒரு ரேகைக்குப் போட்ட கணக்கு. ரயிலுக்கும் ஆபீசுக்கும் அது வேணும், மறுக்கலை. அதுக்காக நிழல் தப்புன்னு குழந்தைங்களுக்குச் சொல்லாதீங்க. "நிழல் காட்டறது இந்த ஊர் நேரம், வாட்ச் காட்டறது நாட்டு நேரம்"னு சொன்னா ஆறு வயசுக்கும் புரியும்.

ஜூன் மாசம் அம்மா ஆறே முக்காலுக்கு போன் பண்ணி "விளக்கேத்தியாச்சா?"ன்னு கேட்பாங்க. "இன்னும் வெயிலே போகலம்மா"ன்னா நம்பவே மாட்டாங்க, சோம்பேறித்தனம்னு நினைப்பு. இங்க சூரியன் மறைய ஏழு இருபது ஆயிடும்.

அப்பா டிக்கெட் பின்னாடி கணக்கெல்லாம் போட்டு முடிச்சு, வாட்சைக் கழட்டி ஒரு தடவை பார்த்தார். "அப்போ இதுதான் நாப்பத்தோரு நிமிஷம் ஃபாஸ்ட்டுன்னு சொல்லு."