விட்டுக்கொடுத்த வெற்றி

நண்பர் ஒருவர் சென்ற வாரம் கைபேசியை ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "ஜெயித்துவிட்டேன் ஸார்! ஏழாவது படியில் கம்ப்யூட்டரை ஜெயித்துவிட்டேன்!" என்றார். நான் வாழ்த்தவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதிலிருந்து என்மேல் அவருக்கு மனஸ்தாபம். பொறாமைக்காரன் என்று இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாராம். நான் ஏன் வாழ்த்தவில்லை என்பதை அவருக்கும், அவரைப்போல் இன்று வீட்டுக்கு வீடு கைபேசியோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம்மைப்போல் பொழுதுபோக்குக்காக ஆடுகிறவன் கம்ப்யூட்டரை ஜெயிக்க முடியுமா என்ற கேள்விக்கு வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. ஒரு காலத்தில் முடிந்தது. 1952-ல் ஆலன் ட்யூரிங் சதுரங்கம் ஆடுவதற்கான விதிகளைக் காகிதத்தில் எழுதி, தாமே யந்திரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காய் நகர்த்தினார். எதிரே ஆடிய சகா அலிக் கிளெனி 29-ஆவது நகர்த்தலில் அதைத் தோற்கடித்தார். 1965-ல் தத்துவப் பேராசிரியர் ஹியூபர்ட் டிரைஃபஸ், இந்தப் புரோகிராம்களைப் பத்து வயதுப் பையன் தோற்கடித்துவிட்டான் என்று எழுதினார். எழுதியது உண்மைதான். ஆனால் 1967-ல் அவரையே எம்.ஐ.டி.யில் 'மாக் ஹாக்' என்ற புரோகிராமோடு ஆட வைத்தார்கள். தோற்றுப்போனார். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைத் தலைப்புப் போட்டுக் கொண்டாடினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே சரிவு. 1997-ல் வினாடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் 'டீப் ப்ளூ' காஸ்பரோவை ஜெயித்தது. 2006-ல் உலகச் சாம்பியன் கிராம்னிக், பான் நகரில் 'டீப் ஃபிரிட்ஸ்' என்ற புரோகிராமிடம் 4-2 என்று தோற்றார். அதில் ஒரு ஆட்டத்தில், அடுத்த நகர்த்தலிலேயே தமக்கு விழவிருந்த மேட்டை அவர் கவனிக்கவில்லை! இன்று காசில்லாமல் கிடைக்கும் 'ஸ்டாக்ஃபிஷ்' உலகச் சாம்பியனுக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ரயிலோடு ஓட்டப்பந்தயம் ஓடித் தோற்றவன் வீட்டுக்குப் போய் அழுவதில்லை.

அப்படியானால் என் நண்பர் எப்படி ஜெயித்தார்? அங்கேதான் என் ஆத்திரம் ஆரம்பமாகிறது. வாடிக்கைக்காரன் தோற்றுக்கொண்டே இருந்தால் கடையை மூடிக்கொண்டு போய்விடுவான். ஆகையால் யந்திரத்துக்குத் தோற்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷ்ஷில் 0 முதல் 20 வரை படிகள் உண்டு. படியைக் குறைத்து வைத்தால், தான் கண்டுபிடித்த நல்ல நகர்த்தலை விட்டுவிட்டு, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் மட்டமான ஒன்றை அவ்வப்போது எடுத்து ஆடுகிறது. என் நண்பர் தம் வெற்றியை எனக்கு ஆடிக் காட்டினார். இருபது நகர்த்தல் வரை யந்திரம் மகாவித்துவான் மாதிரி ஆடுகிறது. பிறகு திடீரென்று குதிரையைக் கொண்டுபோய் அவருடைய சிப்பாயின் வாயில் வைக்கிறது. ஏன் வைத்தது? காரணமே இல்லை. வைக்கும்படி உத்தரவு.

மனிதன் செய்கிற தவறுக்குக் காரணம் உண்டு. பேராசை, பயம், எதிராளியிடம் அலட்சியம், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், இப்படி ஏதோ ஒன்று அந்தக் குதிரையைத் தப்பான கட்டத்துக்குத் தள்ளுகிறது. அந்தக் காரணத்தை மோப்பம் பிடித்து அடிப்பதுதான் ஆட்டம். கிராம்னிக் அந்த மேட்டைக் கவனிக்காதது தவறு. அது ஒரு மனிதனின் தவறு. என் நண்பருக்குக் கிடைத்தது தவறல்ல, பிச்சை.

"தாத்தா பேரனுக்கு விட்டுக்கொடுப்பதில்லையா?" என்று கேட்பார்கள். கொடுக்கிறார். ஆனால் யாருக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று தாத்தாவுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்த அன்று பேரன் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவான். அந்த ரோஷம்கூட அறுபது வயதில் நமக்கு இல்லாமல் போகலாமா?

"யந்திரம் நல்ல வாத்தியார்" என்பது அடுத்த வாதம். ஆடி முடித்த பிறகு எங்கே சறுக்கினோம் என்று அதனிடம் கேட்டால் சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2024-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து உலகச் சாம்பியனான நம் சென்னைப் பிள்ளை குகேஷை எண்ணிப் பாருங்கள். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட் மாஸ்டர் பட்டம் வாங்கும் வரையில் அவரை என்ஜின் பக்கமே போகவிடவில்லை. தானே யோசித்துத் தானே தப்புச் செய்து கற்கட்டும் என்று விட்டார். அவருக்கே அந்தப் பத்தியம் என்றால், நாம் முதல் நாளே மருந்து டப்பாவைத் திறக்க வேண்டுமா?

இன்னொரு சமாதானமும் உண்டு. 2020-ல் 'மாயா' என்று ஒரு புரோகிராம் செய்தார்கள். லட்சக்கணக்கான மனித ஆட்டங்களைப் படித்து, மனிதன் எங்கே தவறுவானோ அங்கே தவறப் பழகியது அது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மனிதனைப்போல் தவறுகிற ஒன்றுதான் வேண்டுமென்றால், அதற்கு யந்திரம் எதற்கு? அடுத்த தெருவில் அசல் இருக்கிறதே! சொல்லப்போனால், என்னைவிடச் சிறப்பாகத் தவறு செய்கிறவன் எவன் இருக்கிறான்?

நண்பரே, நீங்கள் என் வீட்டுக்கு ஆட வந்து இரண்டு வருஷமாகிறது. நான் ஒரு காயைத் தொட்டுவிட்டு அரை மணி யோசிக்கிறேன் என்று குறைப்பட்டீர்கள். வாஸ்தவம். நீங்களும் தோற்கப் போகிற சமயத்தில் வெற்றிலைச் செல்லத்தைத் தேடுவீர்கள். நகர்த்திய காயைத் திரும்ப எடுப்பீர்கள், நான் விடமாட்டேன், சண்டை போடுவோம். கைபேசி உங்களோடு சண்டை போடுவதில்லை. நீங்கள் தோற்றால் அது சந்தோஷப்படுவதில்லை. ஜெயித்தால் அன்றிரவு தூக்கம் கெட்டு அவஸ்தைப்படுவதுமில்லை. நான் படுவேன்.

ஏழாவது படி, எட்டாவது படி என்ற பேச்சை விடுங்கள். என் வீட்டு வாசலில் இருப்பது மூன்றே படிகள். ஏறி வாருங்கள். ஒன்று நிச்சயம்: நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படியும் ஜெயித்தீர்களானால் வாயார வாழ்த்துகிறேன்.