பையன்கள் புத்தகமும் பெரியவர்கள் பயமும்

துப்பறியும் கதைகளையும் சாகசக் கதைகளையும் படித்துப் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்கின்ற கூச்சல் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அமெரிக்காவில் 1914-ம் வருஷத்திலேயே, சாரணர் சங்கத்தின் தலைமைப் புத்தகசாலை அதிகாரியாயிருந்த பிராங்ளின் மேத்யூஸ் என்பவர், இம்மாதிரி மலிவுப் புத்தகங்கள் பையன்களின் மூளையைச் சுட்டுச் சிதறடிக்கின்றன என்பதாக ஒரு கட்டுரை எழுதிப் பெற்றோர்களைக் கிலி பிடிக்கச் செய்தார். புத்தகசாலைகள் பல இப்புத்தகங்களை வாசற்படி ஏற்றவில்லை. பையன்களோ காசு சேர்த்து வாங்கி, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

அப்படி என்ன விஷம் அதில் இருந்தது என்று பார்ப்போம். 1927-ல் வெளிவர ஆரம்பித்த ‘ஹார்டி சகோதரர்கள்’ என்கின்ற வரிசையை எடுத்துக்கொள்ளுவோம். முதல் புத்தகத்தில் ஒரு பணக்காரர் மாளிகையில் நகையும் பத்திரமும் களவு போகின்றன. உடனே பழி யார்மேல் விழுகின்றது? அங்கு வேலை பார்த்த ராபின்சன் மேல். வேலையும் போய், மானமும் போய், அவன் மகன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூலி வேலைக்குப் போகும்படி ஆகின்றது. வேலைக்காரன் என்றால் திருடியிருப்பான் என்கின்ற பணக்காரப் புத்தியை இரண்டு பையன்கள் விசாரித்து, சாக்ஷியம் தேடிப் பொய்யாக்குகிறார்கள். இரண்டாவது புத்தகத்தில், மலையோரத்துப் பாழ் வீட்டில் பேய் அலறுகின்றது என்று ஊரே நடுங்குகின்றது. பையன்களும் முதலில் ஓடுகிறார்கள். பிறகு திரும்பிப்போய்ப் பார்த்தால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை, கள்ளக்கடத்தல்காரர்கள் இருக்கிறார்கள். பேய் இருக்கின்றது என்று சொல்லுகின்ற இடத்தில் யாருக்கு லாபம் இருக்கின்றது என்று தேடச் சொல்லுகின்ற புத்தகமா மூளையைச் சிதறடிக்கும் புத்தகம்?

நிற்க, இதில் விஷமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இருக்கின்றது, அந்தப் பெரியவர்கள் கை காட்டிய இடத்தில் இல்லை. இவ்வரிசையை ஏற்படுத்திய எட்வர்டு ஸ்ட்ராட்மேயர் என்பவரே 1910 முதல் நடத்திவந்த ‘டாம் ஸ்விப்ட்’ வரிசையில், ஒரு கறுப்பு மனிதன் வருவான். கோவேறு கழுதை ஒன்றை வைத்துக்கொண்டு, உடைந்த பேச்சுப் பேசிக்கொண்டு, எஜமானப் பையனைக் கண்டு வியந்துகொண்டு, படிக்கின்ற பையன்கள் சிரிப்பதற்கென்றே அவனைப் படைத்திருக்கிறார்கள். மேத்யூஸ் கட்டுரை எழுதின காலத்தில் இப்புத்தகங்கள் கடைகளில் இருந்தன. ஆனால் அவர் கூக்குரலெல்லாம் கதையிலுள்ள பரபரப்பு பையன்களின் கற்பனையைக் கெடுத்துவிடும் என்பதைப் பற்றியே. தோல் நிறத்தை வைத்து மனிதனைக் கோமாளியாக்கினால் புத்தி கெடாது, ரயில் வண்டியைத் துரத்திப் பிடித்தால் கெட்டுவிடுமாம்!

எழுதினவர் கதையோ அதனினும் வேடிக்கை. அட்டையிலுள்ள ‘பிராங்ளின் டபிள்யூ. டிக்சன்’ என்று ஒரு மனிதரே கிடையாது. ஸ்ட்ராட்மேயர் கதைச் சுருக்கத்தை அனுப்புவார்; லெஸ்லி மக்பார்லேன் என்கின்ற கானடா தேசத்துப் பத்திரிகைக்காரர் புத்தகமாக எழுதிக் கொடுப்பார். கூலி 125 டாலர்; பணநெருக்கடிக் காலத்தில் அதிலும் வெட்டு. சகல உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். லக்ஷக்கணக்கில் புத்தகம் விற்றாலும் அவருக்கு மேற்கொண்டு ஒரு காசு இல்லை. பையன்களோ இல்லாத டிக்சனுக்கு நன்றி செலுத்திக்கொண்டிருந்தார்கள். (எழுதியவன் பெயர் தெரியாத புத்தகத்திற்கு மரியாதை அதிகம் என்பதை நமது நாட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.)

இந்தக் கூலி எழுத்தாளர் செய்த காரியம் ஒன்று உண்டு. போலீஸ் தலைவர் காலிக் என்பவரையும், துப்பறிபவர் ஸ்மப் என்பவரையும் அசல் முட்டாள்களாக எழுதி வைத்தார். முதல் புத்தகத்தில், ஒரு பழக்கடையின் அடியில் கடிகாரம் டிக் டிக்கென்று அடிக்கும் பெட்டியைப் பையன்கள் வைக்க, வெடிகுண்டென்று நினைத்து இருவரும் திண்டாடி ரயிலைத் தவறவிடுகிறார்கள். ஆனால் அதே இடத்தில் இத்தாலி தேசத்துப் பழக்கடைக்காரனும் கேலிக்கு ஆளாகிறான். அதிகாரியைக் கேலி செய்தது ஒரு கை. பிழைக்க வந்த ஏழையைக் கேலி செய்தது மற்றொரு கை.

1959 முதல் இப்புத்தகங்களைத் திருத்தி வெளியிட ஆரம்பித்தார்கள். ஸ்ட்ராட்மேயர் 1930-ல் இறந்த பிறகு, அவர் மகள் ஹாரியட் ஆடம்ஸ் கையில் கம்பெனி இருந்தது. பிற ஜாதியாரை இழிவு செய்யும் பாகங்களை எடுப்பதே காரணம் என்றார்கள். எடுத்தது நியாயமே, நாம் வரவேற்கிறோம். ஆனால் எப்படி எடுத்தார்கள்? அநேக இடங்களில் அந்த மனிதர்களைக் கௌரவமாக எழுதுவதற்குப் பதிலாக, அவர்களே இல்லாமல் செய்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? அந்தச் சந்தடியிலேயே வெடிகுண்டுக் கூத்தையும் நீக்கி, போலீஸ் தலைவரை மரியாதைக்குரியவராக்கி, பையன்களையும் அடங்கி நடக்கும் நல்ல பிள்ளைகளாக்கிவிட்டார்கள். கறுப்பனையும் இத்தாலியனையும் இழிவு செய்ததும் குற்றம், அதிகாரியைப் பார்த்துச் சிரித்ததும் குற்றம் என்று இரண்டையும் ஒரே குப்பைத் தொட்டியில் போட்டவர்களின் யோக்கியதையை என்னவென்பது?

1927-ல் வந்த மூன்று புத்தகங்களின் மூல வடிவத்திற்கு அமெரிக்காவில் 2023-ம் வருஷம் ஜனவரி 1 முதல் உரிமைக் கட்டு நீங்கிவிட்டது. இனி அங்கு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பையனிடம் மூலத்தையே கொடுங்கள் என்போம். பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கடைக்காரன் வருகின்ற இடத்தில் நிறுத்தி, இவனைப் பார்த்து எதற்காகச் சிரிக்க வேண்டுமென்று அவனைக் கேளுங்கள். போலீஸ் தலைவர் வருகின்ற இடத்தில் அவன் தாராளமாகச் சிரிக்கட்டும்.